கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர்: தொல்லுடல்களை அருங்காட்சியகத்தில் காட்டலாமா?

2006-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகர அருங்காட்சியகம் ஒரு முடிவெடுத்தது. அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் எலும்புக்கூடுகளையும் மண்டையோடுகளையும் பதப்பட்ட உடல்களையும் இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என்பதுதான் அது. அடுத்த ஆண்டே, அதே நாட்டின் வடமேற்கில் உள்ள சால்டா நகரத்தில் இன்னோர் அருங்காட்சியகம், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையுச்சியில் பலியிடப்பட்ட பதின்வயதுப் பெண்ணின் உடலை முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வைத்தது.

ஒரே நாடு, ஓராண்டு இடைவெளி, நேர்மாறான இரண்டு முடிவுகள். இரண்டும் யோசித்து எடுக்கப்பட்டவைதான். பழங்கால மனித உடல்களைக் காட்சிக்கு வைப்பது அறமா என்ற கேள்விக்குள் புதிதாக நுழைகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. 'வைக்கலாம்', 'வைக்கக்கூடாது' என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது. ஒவ்வோர் உடலும் அந்தப் பேழைக்குள் வந்து சேர்ந்த கதை வேறு.

எகிப்திய மம்மிகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அருங்காட்சியகங்களில் இருப்பவை அவை மட்டும் இல்லை. ஈமத் தாழிகளில் கிடைத்த எலும்புகள், சதுப்பு நிலத்தில் தோல்கூடக் கெடாமல் கிடைத்த உடல்கள், பனிக்குள் உறைந்துபோனவர்கள், போரில் வெட்டிக் கொண்டுவரப்பட்ட தலைகள், மண்டையை அளந்து இனங்களைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பிய காலத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்துச் சென்ற கபாலங்கள் என எல்லாமே உண்டு. நாம் காட்சிக்கூடத்தில் பார்ப்பது ஒரு சிறு பகுதிதான். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வசம் சுமார் 12,000 பேரின் எச்சங்கள் இருக்கின்றன. காட்சிக்கூடங்களில் இருந்த மனித எச்சங்கள் அனைத்தையும் அகற்றப்போவதாக 2023 அக்டோபரில் அந்த அருங்காட்சியகம் அறிவித்தது.

இந்த விவாதத்தில் மூன்று தனித்தனிச் செயல்கள் எப்போதும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன: ஓர் உடலை வைத்திருப்பது, அதை ஆராய்வது, அதை ஊருக்குக் காட்டுவது. ஆராய்வதற்கு நியாயம் இருக்கிறது என்பதற்காகக் காட்டுவதற்கும் நியாயம் வந்துவிடாது. இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

லா பிளாட்டா

இனகயல் என்பவர், தென் அமெரிக்காவின் தென்கோடிப் பகுதியான படகோனியாவின் பூர்வகுடித் தலைவர்களில் ஒருவர். பிரான்சிஸ்கோ மொரேனோ என்ற ஆய்வாளர் அந்தப் பகுதியில் பயணம் செய்தபோது அவரை வரவேற்று விருந்தோம்பியவர். பிறகு அர்ஜென்டினா ராணுவம் தெற்கு நிலங்களைக் கைப்பற்றும் போரை நடத்தியது. இனகயலும் அவரது குடும்பத்தாரும் சிறைப்பட்டார்கள். அதற்குள் லா பிளாட்டா அருங்காட்சியகத்தின் இயக்குநராகியிருந்த மொரேனோ, அவர்களைச் சிறையிலிருந்து மீட்டு 1886-இல் அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே குடிவைத்தார். பழைய நன்றிக்கடன் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே அவர்கள் ஆய்வாளர்கள் அளந்து, படம் எடுத்து, குறிப்பெழுதும் மனிதர்களாகவும் இருந்தார்கள்.

1888-இல் இனகயல் அந்தக் கட்டடத்திலேயே இறந்தார். உடல் புதைக்கப்படவில்லை. எலும்புக்கூடும் மூளையும் தலைத்தோலும் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. உயிரோடு எந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தாரோ, அதே கூரையின் கீழ் சேகரிப்பு எண் கொண்ட ஒன்றாக ஆக்கப்பட்டார். அவருடைய எலும்புகள் சொந்த மண்ணான டெக்காவுக்குத் திரும்பியது 1994-இல். மீதமிருந்த பகுதிகள் 2014-இல்தான் போய்ச் சேர்ந்தன.

இப்படியொரு கடந்த காலம் கொண்ட இடம் 'இனி யாரையும் காட்சிக்கு வைப்பதில்லை' என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை. இங்கே உடலின் வயது பெரிய விஷயமே அல்ல. தோற்கடிக்கப்பட்ட மக்களிடமிருந்து, அவர்கள் மறுத்துப் பேச முடியாத நிலையில் எடுக்கப்பட்ட உடல் என்பதுதான் விஷயம். அப்படி வந்த உடலைக் காட்டுவது அந்தத் தோல்வியை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருப்பதாகும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சால்டா

சால்டாவின் கதை இவ்வளவு நேரானது அல்ல.

அர்ஜென்டினா-சிலி எல்லையில் யுயாய்யாகோ என்ற எரிமலை இருக்கிறது. உயரம் 6,739 மீட்டர். 1999 மார்ச்சில் ஜோஹன் ரைன்ஹார்ட், கான்ஸ்டன்சா செருத்தி ஆகியோர் தலைமையிலான குழு அதன் உச்சியில் மூன்று குழந்தைகளின் உடல்களைக் கண்டெடுத்தது. இன்கா பேரரசு தன் மலைத்தெய்வங்களுக்குக் கொடுத்த பலி அவர்கள். ஒரு சிறுவன், ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, பதின்வயதுப் பெண் ஒருத்தி. சிறுமியின் உடலைப் பின்னாளில் மின்னல் தாக்கிக் கருக்கியிருக்கிறது. பெரியவளை இன்று 'லா டோன்செல்லா', அதாவது கன்னிப்பெண் என்று அழைக்கிறார்கள். சம்மணமிட்டு அமர்ந்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்துத் தூங்குவது போலிருக்கிறாள். கூந்தல் நுண்ணிய பல பின்னல்களாகப் பின்னப்பட்டிருக்கிறது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து பின்னிவிட்ட தலை அது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கூந்தலைப் படித்துப் பார்த்தது. முடி வளர வளர, நாம் உண்பதன் தடயங்கள் அதில் பதிந்துகொண்டே வரும். நுனியிலிருந்து வேர்வரை பார்த்தால் ஒருவருடைய கடைசி மாதங்களின் உணவு வரிசையாகத் தெரியும். இறப்பதற்குச் சுமார் ஓராண்டு முன்பு அவளுடைய உணவு திடீரென்று உயர்ந்திருக்கிறது. மேட்டுக்குடியினர் உண்ணும் உணவு கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அதே காலத்தில், மென்றால் ஊக்கம் தரும் கோக்கா இலையும் கூடியிருக்கிறது. கடைசி வாரங்களில் மது உச்சத்தில் இருக்கிறது. அதாவது அவள் தேர்ந்தெடுக்கப்பட்டாள், ஓராண்டு காலம் அதற்காகவே பேணப்பட்டாள், பின் மயக்கத்தில் மலைமீது விடப்பட்டாள். பேரரசு எழுதிவைக்காத ஒரு கொடுமையை அந்தப் பெண்ணின் முடி சொல்லியிருக்கிறது. இதை அறியாமல் இருப்பதைவிட அறிவது மேல் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். இந்த அறிவைத் தந்தது ஆய்வுக்கூடம். சில இழைகள் முடி போதுமாக இருந்தது. அவளைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தது இதற்காக அல்ல.

காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். இந்த மூன்று குழந்தைகளின் உடல்களுக்கென்றே உருவாக்கிய அருங்காட்சியகம் 2004-இல் திறக்கப்பட்டது. ஆனாலும் உடல் எதுவும் உடனே காட்டப்படவில்லை. 2007-இல்தான் அவளை முதலில் காட்டினார்கள். மூவரையும் சேர்த்துக் காட்டுவதில்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான். பேழைக்குள் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி. ஆக்சிஜன் குறைக்கப்பட்ட காற்று. அறையில் மங்கலான ஒளி. தொடக்கத்தில் பேழையே இருட்டாக இருந்தது. பார்க்க விரும்புகிறவர்தான் பொத்தானை அழுத்தி விளக்கை ஏற்றிக்கொள்ள வேண்டும். இறந்த உடலைப் பார்க்க விரும்பாதவர் பார்க்காமலேயே மற்றவற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்த ஏற்பாட்டில் அக்கறை தெரிகிறது. ஆனால் அந்தப் பொத்தான் பார்க்க வருகிறவருக்குத் தேர்வு கொடுக்கிறது, அவளுக்கு அல்ல. அப்பகுதிப் பூர்வகுடித் தலைவர்கள் சிலர் சொன்னதும் இதுதான். தங்கள் முன்னோரை மலையிலிருந்து இறக்கியதே தவறு, டிக்கெட் வாங்கிப் பார்க்க வைப்பது அதைவிடப் பெரிய தவறு என்றார்கள். இத்தனைக்கும், உரிமை கோரும் பூர்வகுடிச் சமூகங்களுக்கு அருங்காட்சியகங்களில் உள்ள எச்சங்களைக் கொடுக்க வேண்டும் என்று அர்ஜென்டினாவில் 2001-லேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

இறந்தவர் என்ன விரும்பியிருப்பார்?

அறம் பேசும்போது முதலில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் விடை கிடைக்காது. விடை தெளிவாகக் கிடைத்தும் மதிக்கப்படாத ஒரு கதை இருக்கிறது.

சார்லஸ் பைர்ன் அயர்லாந்துக்காரர். உயரம் ஏறத்தாழ 2.31 மீட்டர். 'ஐரிஷ் அரக்கன்' என்ற பெயரில் லண்டனில் தன்னைக் காசுக்குக் காட்டிப் பிழைத்தார். உடற்கூறு மருத்துவர்கள் தன் உடலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தன் உடலை ஈயப் பெட்டியில் வைத்து மூடிக் கடலில் மூழ்கடித்துவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். 1783-இல், 22 வயதில் இறந்தார். ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு லண்டனின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது.

மறுபக்கமும் உண்டு. 1909-இல் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்த மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், உடல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். அந்தச் சுரப்பியின் கோளாறுதான் அவரை அவ்வளவு உயரமாக்கியது. 2011-இல் பற்களிலிருந்து எடுத்த மரபணுவில், வட அயர்லாந்தில் இன்று அதே நோயோடு வாழும் குடும்பங்களில் உள்ள அதே பிறழ்வு இருப்பது தெரியவந்தது. உயிரோடு இருப்பவர்களுக்குப் பயன்பட்ட ஆராய்ச்சி இது. எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது. புதுப்பிப்புப் பணிக்காக 2017-இல் மூடப்பட்ட அருங்காட்சியகம் 2023-இல் மீண்டும் திறந்தபோது, பைர்ன் காட்சியில் இல்லை. எலும்புகள் ஆராய்ச்சிக்காக உள்ளே வைக்கப்பட்டுள்ளன. காட்டுவதையும் ஆராய்வதையும் பிரித்துவிட்டார்கள். பாதி நியாயம் கிடைத்திருக்கிறது என்பேன். கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எகிப்தில் கேள்வி வேறு மாதிரி. தன் பெயர் நினைக்கப்பட வேண்டும், உடல் கெடாமல் இருக்க வேண்டும் என்பது பண்டைய எகிப்தியரின் நம்பிக்கை. அதனால் அருங்காட்சியகம் அவர்கள் விரும்பியதையே செய்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அந்த அரசர்கள் கல்லறையை மலைக்குள் குடைந்து, வாசலை அடைத்து, முத்திரை வைத்துவிட்டுப் போனவர்கள். யாரும் உள்ளே வந்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரியவில்லை. 1980-இல் அதிபர் அன்வர் சதாத், கெய்ரோ அருங்காட்சியகத்தில் அரச மம்மிகள் இருந்த அறையை மூடச் சொன்னார். 1994-இல் அது மீண்டும் திறந்தது. 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களும் 4 அரசிகளுமாக 22 மம்மிகள் அணிவகுப்போடு புதிய தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒரு நாடு தன் பழைய அரசர்களைத் தன் மண்ணிலேயே வைத்து என்ன செய்வது என்று தானே மனம் மாற்றி மாற்றி முடிவெடுக்கிறது. எனக்கு இதில் முழு ஒப்புதல் இல்லாவிட்டாலும், ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றில் யாரென்றே தெரியாத எகிப்தியப் பெண் ஒருத்தி மாடிப்படி ஓரத்தில் கிடப்பதோடு இதை ஒன்றாக எண்ண மாட்டேன்.

அவர்களுக்காகப் பேசுவது யார்?

'இவ்வளவு பழைய உடலுக்கு உறவினர் என்று யார் இருக்கப்போகிறார்கள்?' இந்த விவாதத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. கென்னிவிக் மனிதரின் கதை இதற்கு நல்ல பதில்.

1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 8,500 ஆண்டுகளுக்குக் குறையாது. அப்பகுதிப் பூர்வகுடிகள், இவர் எங்கள் முன்னோர், புதைக்கத் தாருங்கள் என்றார்கள். மண்டையோட்டின் வடிவம் இன்றைய பூர்வகுடிகளைப் போல இல்லை என்று சில அறிவியலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2004-இல் நீதிமன்றம் அறிவியலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2015-இல் மரபணுச் சோதனை, இன்றைய மனிதர்களில் அவருக்கு மிக நெருக்கமானவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளே என்று காட்டியது. 2017 பிப்ரவரியில் ஐந்து பூர்வகுடிக் குழுக்கள் சேர்ந்து அவரை அடக்கம் செய்தன. முதலில் அந்த மக்கள் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. அவர்களுடைய வாய்மொழிக்கு இல்லாத மதிப்பு ஆய்வுக்கூடத் தாளுக்குத்தான் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நமக்கு இன்னும் அருகில் இலங்கை இருக்கிறது. காலனிக் காலத்தில் அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட, வேடர் என்ற பூர்வகுடி மக்களின் ஒன்பது மண்டையோடுகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2019 நவம்பரில் பல்கலைக்கழகம் அவற்றை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் நேரில் ஒப்படைத்தது. இங்கே யாரிடம் கொடுப்பது என்ற ஐயமே எழவில்லை. கேட்பதற்கு ஒரு சமூகம் இருந்தது, அதன் தலைவரும் வந்து நின்றார்.

காட்டியே ஆகவேண்டும் என்றால்

ஓர் உடலை நேருக்கு நேர் பார்ப்பதில் வேறெதுவும் தராத ஒன்று கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இறந்தகாலம் மனிதர்களால் ஆனது என்பதைப் புத்தகம் சொல்வதைவிட ஒரு முகம் வேகமாகச் சொல்லும். டென்மார்க்கின் சில்கெபோர் அருங்காட்சியகத்தில் உள்ள டோலுண்ட் மனிதர் சுமார் 2,400 ஆண்டுகள் பழையவர். கழுத்தில் கயிற்றோடு சதுப்பு நிலத்தில் கிடைத்தவர். முகவாயில் முள்முள்ளாக மயிர் தெரியும். அந்த முகத்துக்கு இணையான பாடம் வேறு இல்லை. அதே அருங்காட்சியகத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே தலை மட்டுமே உண்மையானது. உடல் பின்னாளில் செய்த மாதிரி. வருகிறவர்களின் அனுபவம் அதனால் சிறிதும் குறையவில்லை. அப்படியானால் மாதிரியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று மற்ற இடங்களும் முயன்று பார்க்கலாமே.

இத்தாலியின் போல்சானோவில், 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைமையான ஏட்சி, குளிர் அறைக்குள் இருக்கிறார். ஒரு சிறிய சன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். அவருடைய தோலாடை, கோடாரி, காலணி எல்லாம் வெளியே விரிவாகக் காட்டப்படுகின்றன. உடல் மட்டும் ஒதுங்கியிருக்கிறது. தேடிப் போகிறவர்தான் பார்ப்பார்.

ஆனால் மரியாதையை மேலிருந்து திணித்தாலும் எடுபடாது. 2008-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த எகிப்திய மம்மிகளைத் துணியால் மூடி வைத்தது. வந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில மாதங்களில் துணி விலக்கப்பட்டது. நல்ல எண்ணம்தான். கேட்காமல் திறந்து வைத்ததைப் போலவே, கேட்காமல் மூடியும் வைத்தார்கள்.

நம் தாழிகள்

இந்த விவாதம் நம் வாசலுக்கு வந்து வெகுநாள் ஆகிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழ்ந்தார். 2004-05 அகழாய்வில் 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இப்போது அங்கே அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். தாழியை வேரோடு பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ மேல். இறந்தவர் தம் மண்ணிலேயே இருக்கிறார், நாம்தான் அவரிடம் போகிறோம்.

கீழடிக்கு அருகில் உள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் கணினியில் உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. தோல் நிறமும் கண்ணும் முடியும் ஊகத்தின் பங்கு கொண்டவை என்பதைத் தெளிவாக எழுதிவைத்தால், மண்டையோட்டைக் காட்டுவதைவிட இது நல்ல வழி. ஒரு பள்ளி மாணவன் அந்த முகத்தைப் பார்த்து 'எங்கள் பெரியப்பாவைப் போல இருக்கிறார்' என்று சொல்லலாம். மண்டையோட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டான்.

தாழியில் புதைக்கப்பட்டவர்கள் என்ன விரும்பினார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு சான்றாவது இருக்கிறது. புறநானூற்றின் 256-ஆம் பாடலில் தலைவனை இழந்த பெண் குயவரிடம் கெஞ்சுகிறாள்: அவனுக்குச் செய்யும் ஈமத் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்துதாருங்கள் என்று. வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த சிறு பல்லியைப் போல அவனோடு வழியெல்லாம் வந்தவள் அவள். மண்ணுக்குள்ளும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அவள் கேட்டது. ஒரே தாழியில் இருவர் எலும்புகள் கிடைத்தால், ஒன்றை ஒரு நகரத்துக்கும் மற்றொன்றை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பும் முன் இந்தப் பாடலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. வேடர்களுக்கு ஒரு தலைவர் வந்ததைப் போல ஆதிச்சநல்லூருக்கு யாரும் வந்து நிற்க முடியாது. 'இவர்கள் எங்கள் சாதியின் முன்னோர்' என்று ஏதாவது ஒரு தரப்பு உரிமை கொண்டாடக் கிளம்பினால் அது பெரிய தீங்கில் முடியும். அதற்காக, கேட்பதற்கு ஆளே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. ஈமக்காட்டைச் சுற்றி வாழும் எல்லா ஊர் மக்களையும், சாதி பாராமல், கிராம சபையில் உட்காரவைத்துக் கேட்கலாம்: எலும்புகளைக் காட்டலாமா, தாழிகள் மட்டும் போதுமா, ஆய்வு முடிந்த எலும்புகளை அதே மண்ணில் மறுபடி அடக்கம் செய்யலாமா என்று. ஆதிச்சநல்லூரில் பெரிய அருங்காட்சியகத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். கேட்பதற்கு உரிய நேரம், கட்டடத்துக்குள் பேழைகளின் இடம் முடிவாவதற்கு முன்புதான்.